முறுக்காமல் விட்ட நட்டு

வலது தோள் காலையிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த வலி வந்தால் ஒரு நாளுக்குள் மழை. இருபது வருஷமாகப் பிசகியதில்லை. உங்கள் மேசையைத் தாழ்வாரத்துக்குள் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டால் நல்லது ஐயா. காகிதம் நனைந்துபோனால் உங்களுக்கும் வேலை, எனக்கும் வேலை.

ஹட்டன் கோர்ட்டுக்கு முன்னால் தோட்டத்து ஆட்களுக்கு மனு எழுதுகிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறவர் நீங்கள் ஒருவர்தான் என்றார்கள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். போன வருஷம் ஆனி மாதத்தில், அறுபத்தொன்றாம் வருஷம், பொலிசில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு சொல்லை மாற்றி எழுதிவிட்டார்கள். அதைத் திருத்த வேண்டும். பெரிய வேலை ஒன்றுமில்லை.

என் பெயர் வீரய்யா. றொசல்லைக்கு மேலே ஊசிமலைத் தோட்டம். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரின் இஞ்சின் ரூமில் நாற்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். பன்னிரண்டு வயதில் விறகு சுமந்துகொண்டு அந்த ரூமுக்குள் போனவன். தோள் கெட்டது அப்போதுதான். விறகுக்காரனாகப் போய், எண்ணெய் போடுகிறவனாகி, கடைசியில் இஞ்சினே என் கைக்கு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இஞ்சின் ஓடும் சத்தத்தை வைத்து எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்வேன். நாற்பத்தொரு வருஷத்தில் நான் ஒரு நட்டையும் மறந்ததில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கார். முன்னால் இருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர் ஜோர்ஜ் ஐயாவுக்கு விற்றுவிட்டுப் போன கார் அது. முப்பத்தேழாம் வருஷத்துச் சாமான். நல்ல இரும்பு. பெட்ரோல் பம்பு மட்டும் செத்துப்போயிருந்தது. ஜோர்ஜ் ஐயா கொழும்பில் பழைய பட்டாளத்து லொறியிலிருந்து கழற்றிய பம்பு ஒன்றை வாங்கிவந்து போடச் சொன்னார். போட்டேன். லொறிப் பம்பு லொறிக்கு ஏற்ற வேகத்தில் தள்ளுகிறது. இந்தக் காரின் கார்புரேட்டருக்கு அது தாங்கவில்லை. மேலே வழிந்து கீழே ஒழுகியது. தோட்டத்து டிரைவர் சிறில்தான் அந்தக் காரையும் ஓட்டுகிறவன். என்னைவிடப் பத்து வயது இளையவன், வாய் ஓயாதவன்.

“அண்ணே, இது பெட்ரோல் குடிக்கல. வாந்தி எடுக்குது” என்பான்.

இதற்கு இரண்டு சாமான் வேண்டும் என்று நான்தான் சொன்னேன். ஒன்று வடிகட்டி. தோட்டத்துப் பெட்ரோல் பீப்பாயில் வருவது. மூடுபனி இறங்கி இறங்கி அதில் தண்ணீர் சேர்ந்துவிடும். வடிகட்டிக்கு அடியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். தண்ணீர் கனமானது, அடியில் தங்கிவிடும். பெட்ரோல் மட்டும் மேலே போகும். கிண்ணத்தைக் கழற்றிக் கொட்டிவிட்டு மாட்டினால் ஐந்து நிமிஷ வேலை. இரண்டாவது, பம்பு தள்ளுகிற வேகத்தைக் குறைத்து அனுப்புகிற சாமான். கடைக்காரன் ரெகுலேட்டர் என்றான். நான் அடக்கி என்பேன். உள்ளங்கை அகலத்தில் வட்டமாக இருக்கும். பெட்ரோல் உள்ளே வருகிற பக்கம் ஒரு பித்தளை நட்டு, வெளியே போகிற பக்கம் ஒரு பித்தளை நட்டு. பம்பின் முழு வேகமும் உள்ளே வருகிற நட்டின் மேல்தான் நிற்கும். அதனால் அதை ஸ்பேனர் போட்டு நன்றாக முறுக்க வேண்டும்.

சாமான் இரண்டும் ஒரு திங்கட்கிழமை வந்தன. அதே வாரம் வியாழக்கிழமை என் பெண்சாதி நாகலெட்சுமி இந்தியாவுக்குப் போவதாக இருந்தது.

அதையும் சொல்கிறேன். எங்களுக்கு ஒரே மகன், சோலைமலை. இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கேட்டு நான் போட்ட மனு திரும்பி வந்துவிட்டது. என் அப்பா இங்கே பிறந்ததற்குக் காகிதம் இல்லை. நான் பிறந்ததற்கே இல்லை. மகன் பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டான். அவன், அவன் பெண்சாதி, இரண்டு பிள்ளைகள். “அப்பா, நீங்களும் ஒரு கைநாட்டு வைங்க” என்றான். நான் வைக்கவில்லை. இஞ்சினை விட்டுவிட்டு நான் எங்கே போவது. நாகலெட்சுமியும் வைக்க மாட்டாள் என்றுதான் இருந்தேன். அவளை நான் கேட்கக்கூட இல்லை. கேட்க என்ன இருக்கிறது.

ஒருநாள் கண்டி ஆஸ்பத்திரியில் முட்டியைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று மகனோடு ரயிலேறிப் போனாள். சாயந்தரம் திரும்பி வந்து அடுப்படியில் சாம்பல் போட்டுப் பெருவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நீல மை. சீக்கிரத்தில் போகாது அது.

“என்னாது?” என்றேன்.

“கண்ணு தெரியலையா? கைநாட்டு.”

“என்னைய ஒரு வார்த்த கேட்டியா?”

“முப்பது வருசமா ஒங்களத்தான கேட்டேன். நீங்க ஒங்க மெசினுக்குத் தாலியக் கட்டிக்கிட்டு இருங்க. நா எம் புள்ளையோட போறேன்.”

நான் கையோங்கவில்லை. சத்தம் போடவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. எங்கள் வரிசை வீடுகளில், லயத்தில், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சோற்றைப் போட்டாள், சாப்பிட்டேன். அன்றிலிருந்து ஏழு மாதம் நாங்கள் சண்டை போட்டதே இல்லை.

ஆனி மாதம் முடிவதற்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று அவர்களுக்குத் தேதி போட்டிருந்தது. கப்பலுக்கு டிக்கட் வாங்கியாயிற்று. வியாழக்கிழமை மத்தியானம் றொசல்லையில் ரயிலைப் பிடித்தால்தான் மறுநாள் தலைமன்னாரில் கப்பல். அது போனால் தேதி போய்விடும், தேதி போனால் காகிதம் வெறும் காகிதம். நாகலெட்சுமி கொழுந்து எடுத்து முட்டி தேய்ந்தபிறகு ஜோர்ஜ் ஐயா வீட்டில்தான் சமையல் செய்துகொண்டிருந்தாள். ஐயா நல்ல மனிதர். “நாகலெட்சுமி போற அன்னிக்கு என் கார்லயே போகட்டும் வீரய்யா. அதுக்குள்ள ரெடி பண்ணிரு” என்றார்.

ஆக, அவளை ஏற்றிப் போகிற காரை அவளுக்காக நானே பழுதுபார்க்க வேண்டும். இதில் யாரும் ஒரு பிழையும் செய்யவில்லை. அப்படி வந்து அமைந்தது.

செவ்வாய்க்கிழமை வடிகட்டியை மாட்டினேன். புதன்கிழமை அடக்கி. சிறில் மட்கார்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

“இது வந்தா அடங்கிருமாண்ணே?”

“அடங்கும்.”

“மதினிய அடக்க ஏதாச்சும் சாமான் கொழும்புல விக்கிதான்னு கேட்டுப் பாக்கட்டா?”

நானும் சிரித்தேன். கோபப்பட அதில் ஒன்றுமில்லை. லயத்தில் எல்லாரும் சொல்வதைத்தான் அவனும் சொன்னான். மற்றவர்கள் என் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அவன் முன்னால் சொன்னான்.

அன்று மத்தியானமே தோள் பிடித்துக்கொண்டது. நாலு நாளாக நின்றிருந்த மழை மறுநாள் வரும் என்று தெரிந்துபோயிற்று.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். அடக்கியின் வெளிப்பக்க நட்டை ஸ்பேனர் போட்டு முறுக்கினேன். உள்பக்க நட்டைக் கையால் மட்டும் திருகிவிட்டு, ஸ்பேனர் வைத்து முறுக்காமல் விட்டேன். ஸ்டோரில் கிடந்த துணி துவைக்கிற சவுக்காரத் துண்டு ஒன்றைப் பிசைந்து அந்த நட்டைச் சுற்றி அப்பினேன். மலை ரோட்டில் ஓட்டுகிற எல்லா டிரைவருக்கும் இந்த வேலை தெரியும். பாதி வழியில் பெட்ரோல் குழாய் ஒழுகினால் சவுக்காரத்தை அப்பிக்கொண்டு வீடு வந்து சேர்வார்கள். பெட்ரோல் சவுக்காரத்தைக் கரைக்காது. தண்ணீர் கரைக்கும்.

ஜோர்ஜ் ஐயா வந்து ஸ்டோரைச் சுற்றி இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தார். இறங்கி விரலால் தடவி மோந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. “ஒன் கைக்குத் தங்கக் காப்புப் போடணும்டா” என்றார். என் வேலையைப் பற்றி அவர் சொன்ன கடைசி நல்ல வார்த்தை அது.

எங்கள் தோட்டத்து ரோடு ஸ்டேசனுக்கு இறங்குகிற வழியில் ஓர் ஓடை ரோட்டின் குறுக்கே போகிறது. பாலம் இல்லை, மழை பெய்தால் கணுக்கால் தண்ணீர். கார் அதில் இறங்கினால் அடியிலிருந்து தண்ணீர் அடித்து இஞ்சின் முழுக்க நனையும். அதைத் தாண்டியதும் ஏற்றம், ஏற்றத்தின் முடிவில் ஒரு வளைவு. ஏற்றத்தில் இஞ்சின் முக்கும், பம்பு பலமாகத் தள்ளும். கார் அங்கேதான் நிற்கும் என்று கணக்குப் போட்டேன். ரயில் போய்விடும். அவள் நடந்தோ, யாராவது கைத்தாங்கலாகக் கூட்டிவந்தோ லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குத் திரும்பி வருவாள். அடுப்பை மூட்டுவாள். நான் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியிருக்க மாட்டேன். அவ்வளவுதான் என் எண்ணம்.

பேனாவை ஏன் நிறுத்திவிட்டீர்கள்? கேளுங்கள்.

ஆமாம். காரை நிறுத்துவதுதான் எண்ணம் என்றால் வடிகட்டிக் கிண்ணத்தில் ஒரு மிடறு தண்ணீர் ஊற்றியிருந்தால் போதும். கார் நின்றிருக்கும், ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அதை நானும் யோசித்தேன். ஆனால் சிறில் இறங்கி, கிண்ணத்தைக் கழற்றிக் கொட்டிவிட்டு, ஐந்து நிமிஷத்தில் கிளப்பிக்கொண்டு போய்விடுவான். அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். ஐந்து நிமிஷம் எனக்குப் போதாது.

வியாழக்கிழமை மத்தியானம் நல்ல மழை. மகனும் மருமகளும் பெட்டிகளோடு, தேயிலை ஏற்றிப் போகிற லொறியில் முன்னால் போனார்கள். நாகலெட்சுமிக்கு முட்டி முடியாது, அதனால் கார். காம்பரா வாசலிலிருந்து கார் வரைக்கும் நான்தான் குடை பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். பின் சீட்டில் ஏறும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“சோத்துக்கு மாசிச் சம்பல் இடிச்சு போத்தல்ல வச்சிருக்கேன். நாலு நாளைக்கு வரும்” என்றாள்.

“ம்” என்றேன்.

“தோள் வலிச்சா தைலம் பொட்டிக்குப் பின்னால இருக்கு.”

கதவைச் சாத்தினேன். சிறில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனான், கலியாணக் கார் மாதிரி. நான் இஞ்சின் ரூமுக்குத் திரும்பினேன். மூன்று மணிக்கு ஒருதரம் எண்ணெய் பார்க்க வேண்டும். பார்த்தேன்.

வளைவில், பேசிய தொகைக்கு வேலை எடுக்கிற கொந்தரப்புக்காரன் ஆண்டியப்பன் ரோட்டோரம் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்தான். விசாரணையில் அவன் சொன்னதுதான் எனக்கும் தெரியும். ஏற்றத்தில் வந்த கார் புகைந்தது. இஞ்சின் மூடியின் இடுக்கு வழியாக நெருப்பு வந்தது. சிறில் குதித்து இறங்கிவிட்டான். அவன் தப்பிவிட்டான் என்றுதான் ஆண்டியப்பன் நினைத்தான். பின்கதவுக்கு உள்ளே கைப்பிடி கிடையாது. உடைந்து ஒரு வருஷமாயிற்று. வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும். சிறில் சுற்றிக்கொண்டு ஓடிப் போய்க் கதவைத் திறந்தான். அவளால் முட்டியை மடக்க முடியாது. உள்ளே குனிந்து அவளைத் தூக்கினான். அப்போது பெட்ரோல் டாங்கி பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் பிழைக்கவில்லை.

சிறில் இறங்கியவன் இறங்கியபடி நின்றிருக்கலாம். திரும்பிப் போனது அவனாக எடுத்த முடிவு. அதில் என் கை இல்லை. அந்தக் கைப்பிடியைப் போடச் சொல்லி இரண்டு தரம் என்னிடம் சொல்லியிருந்தான் என்பது உண்மை. அவசரமில்லை என்று விட்டேன்.

மறுநாள் பொலிஸ் வந்தது. சார்ஜன் மாத்தயா சிங்களவர், தமிழ் கொஞ்சம் வரும். எரிந்த காரிலிருந்து எடுத்த அடக்கியை மேசைமேல் வைத்து, “இந்த நட்டு நீ என்ன செஞ்சது?” என்றார். “முறுக்காம விட்டேன்” என்றேன். அவர் யோசித்தார். “மறந்ததா?” என்றார். பக்கத்தில் ஜோர்ஜ் ஐயா அழுதுகொண்டு நின்றார். “பாவம் மாத்தயா, பெண்சாதி போற கவலைல மறந்துட்டான். வயசாயிருச்சு” என்றார். சார்ஜன் எழுதினார். விசாரணையிலும் அதையே படித்தார்கள். நட்டு முறுக்க மறந்ததால் வந்த விபத்து என்று முடித்தார்கள். தோட்டமே என்மேல் இரக்கப்பட்டது.

விட்டேன் என்பது வேறு, மறந்தேன் என்பது வேறு ஐயா. தமிழில் விட்டேன் என்றால் இரண்டு பக்கமும் இழுக்கலாம் என்று சொல்கிறீர்கள். இழுக்கலாம். நான் இழுக்கவில்லை, அவர்கள் இழுத்தார்கள்.

அதனால் வந்த வினையைப் பாருங்கள். மறதிக்காரனை இஞ்சினிடம் விடக்கூடாது என்று ஸ்டோரை விட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். இப்போது எனக்குப் புல்லுவெட்டு. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் சின்னப் பையன்களோடு நிற்கிறேன். தோளைத் தூக்க முடியாததால் பாதி வேலைதான் ஓடுகிறது, அரைப் பேர்தான், அரைநாள் கூலிதான் போடுகிறார்கள். இஞ்சினை ஒரு புதுப் பையனிடம் கொடுத்திருக்கிறார்கள். கொழுந்தை உருட்டுகிற மூன்றாவது ரோலருக்குப் போகிற தண்டில் ஒரு நட்டு தளர்ந்திருக்கிறது. மலையில் நின்றபடியே எனக்குக் கேட்கிறது. அவனுக்குக் கேட்கவில்லை. சொன்னால், “நீ போய் ஒன் வேலையப் பாரு தாத்தா” என்கிறான்.

மகன் போகவில்லை. சாவு வீட்டை விட்டு எப்படிப் போவான்? தேதி போய்விட்டது. இப்போது ராகலைப் பக்கம் ஒரு மரக்கறித் தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறான். என்னோடு பேசுவதில்லை. ஆனாலும் இந்த நாட்டில்தான் இருக்கிறான். ஒருவரும் கப்பல் ஏறவில்லை. அந்த மட்டில் நான் நினைத்தது நடந்தது.

இதனால் எனக்குத் தூக்குக் கயிறு வரும் என்று சொல்கிறீர்கள். தெரியும். கயிறு வந்தால் வரட்டும். மறதிக்காரன் என்ற பேரோடு என்னைப் புதைக்கக் கூடாது.

எழுதுவது என்று வந்துவிட்டதால் முழுக்க எழுதிவிடுங்கள். அடக்கியை நான் மாட்டிய இடம் சைலன்சர் குழாய்க்கு நேர் மேலே. ஓடுகிற வண்டியில் அந்தக் குழாயைத் தொட்டால் தோல் உரியும். “ஏன் இங்க மாட்டுன?” என்று ஜோர்ஜ் ஐயா கேட்டபோது, “அந்தப் பக்கம் பேட்டரி இருக்குங்க, எடமில்ல” என்றேன். அவர் நம்பிவிட்டார். அந்தக் காரில் பேட்டரி சீட்டுக்கு அடியில். மறுபக்கம் இரண்டு சாண் இடம் சும்மா கிடந்தது.

பேரப்பிள்ளைகள் இரண்டும் காரில்தான் போவோம் என்று அழுதன. பாட்டி மடியில் ஏறி உட்கார்ந்தும் விட்டன. நான்தான் மழையில் நனைந்துகொண்டு இரண்டையும் தூக்கிக்கொண்டு போய் லொறியில் ஏற்றினேன். வண்டி நிற்கும் என்று மட்டும்தான் நினைத்தேன் என்று முதலில் சொன்னேன் இல்லையா? நிற்கப் போகிற வண்டியிலிருந்து பிள்ளைகளை இறக்க வேண்டியதில்லை. நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

மாசிச் சம்பல் ஐந்து நாளைக்கு வந்தது.

இன்னொரு திருத்தம் இருக்கிறது. சவுக்காரத் துண்டு ஸ்டோரில் கிடந்தது என்று மேலே எழுதியிருப்பீர்கள். அதை அடித்துவிடுங்கள். எந்த வாசம் பட்டாலும் தேயிலை பிடித்துக்கொள்ளும். அதனால் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் உள்ளே சவுக்காரம் கொண்டுவர விடுவதில்லை. கை கழுவச் சாம்பல்தான். புதன்கிழமை தோள் பிடித்ததும் நான் சிறில் வீட்டுக்கு நடந்துபோனேன். அவன் பெண்சாதி சிசிலி துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு கட்டி சவுக்காரம் இருக்குமா தாயி?” என்றேன்.

“மதினி ஊருக்குப் போறதுக்கு உடுப்பு தொவைக்கவாண்ணே? முழுசா எடுத்துக்கிட்டுப் போங்க.”

“அர போதும். சனிக்கெழம கடைக்குப் போறப்ப வாங்கித் தாறேன்.”

“சவுக்காரத்துக்குப் போயி ஒரு கணக்கா” என்று சிரித்துக்கொண்டே நூலைக் கட்டி இழுத்துக் கட்டியைச் சரிபாதியாக அறுத்து ஒரு பாதியைக் கொடுத்தாள். அந்தச் சனிக்கிழமை நான் கடைக்குப் போகவில்லை. பிறகு அவளைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாளோ என்று இருக்கும். கேட்கவில்லை. அவளும் மறதி என்று நினைத்திருப்பாள்.

மழை தொடங்கிவிட்டது பாருங்கள். கடைசி வரியை எழுதிவிட்டு உள்ளே எடுத்து வையுங்கள். யாருக்கும் ஒன்றும் பாக்கி வைத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை நான். ஒன்றே ஒன்றுதான் நிற்கிறது: ஊசிமலைத் தோட்டத்து டிரைவர் சிறிலின் பெண்சாதி சிசிலிக்கு, அரைக் கட்டி சவுக்காரம்.